மூன்றில் ஒரு பங்கு

ஹந்தானையில் எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற லயத்தில் குடியிருக்கும் ஒரு தாய், மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் சீன மொழி படிக்க இடம் கிடைத்த செய்தியைச் சொல்ல வந்தார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் தேயிலைக் கறை. முகத்தில் சந்தோஷமும் சந்தேகமும் சரிபாதி.

"ஏன் சேர், இந்தப் புள்ள சீனத்தப் படிச்சு என்னத்த செய்யப் போகுது?"

பதில் சொல்லத் தெரியாமல் தேத்தண்ணி கொடுத்தோம். சீனி கொஞ்சம் தூக்கலாக. அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்தக் கோப்பைக்குள்ளேயே சீனா இரண்டு தடவை இருந்தது. 'தே' என்பது தென்சீனத்து ஃபூஜியன் கரைக்காரர்களின் சொல். ஒல்லாந்தக் கப்பலேறி ஊர் ஊராகப் போனது. சீனாவின் மற்றப் பக்கங்களில் அதே இலைக்கு 'சா' என்று பேர். மலையாளத்துச் சாயா அந்த வழி. 'சீனி'க்கு விளக்கம் வேண்டியதில்லை. ஏன், தேயிலைச் செடிகூட 1824இல் சீனாவிலிருந்து வந்து, இந்த மலையடியில் இருக்கும் பேராதனைப் பூங்காவில்தான் முதலில் ஊன்றப்பட்டது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தாலும் "அதுக்கு?" என்றுதான் கேட்டிருப்பார். நியாயம்தான்.

முதல் வருட விடுமுறையில் மகள் வந்தாள். வகுப்புப் பிள்ளைகளோடு கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போயிருக்கிறாள். கைபேசியில் ஒரு கல்லின் படத்தைக் காட்டினாள். "சேர், இதுல தமிழ் இருக்கு. ஆனா எனக்கு ஒரு வரிகூட ஓடல. வலது பக்கத்துச் சீனத்துல இலக்கமெல்லாம் வாசிச்சிட்டேன்."

எனக்கு நேர்மாறு. தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிப்பேன். வலது பக்கம் எனக்கு வெறும் கோலம்.

காலி மும்மொழிக் கல்வெட்டு என்று சொல்லப்படும் கல் அது. நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்து அங்குலக் கனம். தலைப்பாகம் வளைந்திருக்கும், அங்கே ஒரு முத்தைப் பார்த்தபடி எதிரெதிரே இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீனம், பதினொரு வரிசை, 275 எழுத்து. இடப்பக்கத்தின் மேற்பாதியில் தமிழ், 24 வரி. அதன் கீழே பாரசீகம், 22 வரி. மூன்றிலும் அதிகம் சிதைந்தது அதுதான். எடையைக் கணக்குப் பண்ணிப் பார்த்தேன். முந்நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. ஒரு பெண் நாளுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுக்கிறாள் என்றால், இருபது நாள் கொழுந்து.

கல் பிறந்த ஊர் நான்ஜிங். சீனப் பகுதியிலேயே திகதி வெட்டியிருக்கிறது: யொங்லெ பேரரசரின் ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதத்து முதல் நாள். நம் கணக்கில் 1409 பெப்ரவரி 15. அப்போது யொங்லெயின் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் மூன்றாவது கடற்பயணம் இன்னும் சீனக் கரையை விட்டே கிளம்பவில்லை. ஆகவே கல்லை அங்கேயே வெட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்பதே ஆய்வாளர் முடிவு. அதாவது, அந்த 24 வரித் தமிழும் நான்ஜிங்கில் எழுதிய தமிழ்.

எனக்கு இந்தக் கல்லின் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இதற்கு இரண்டு வருடம் முந்தி, 1407இல், யொங்லெ அரசர் நான்ஜிங்கில் ஒரு மொழிபெயர்ப்புக் கல்லூரி தொடங்கியிருந்தார். சியிகுவான் என்று பேர். அயல்நாட்டு ஓலைகளை வாசிக்கவும் பதில் எழுதவும் ஆள் வேண்டுமே. மொங்கோலியம், ஜுர்சென், திபெத்தியம், உய்குர், பர்மியம், யுன்னான் எல்லைத் தாய் இனத்தாரின் மொழி, இந்தியப் பிரிவு ஒன்று, பாரசீகம் என்று எட்டுப் பிரிவுகள். தேசிய உயர்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன்களைப் பொறுக்கி எடுத்து இந்தப் பிரிவுகளில் போட்டார்கள். சீனாக்காரன் அயல்மொழி படிப்பதற்கு அரசாங்கச் செலவில் நடந்த பட்டப்படிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் யாரோ ஒரு தாய் "இந்தப் பிள்ளை பர்மியம் படித்து என்ன செய்யப் போகிறான்" என்று கேட்டிருப்பாள்.

எட்டில் பாரசீகம் உண்டு. கல்லின் பாரசீகத்தை எழுத ஆள் தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை. தமிழுக்குப் பிரிவு இல்லை. இந்தியப் பிரிவு என்பது பௌத்த நூல்களின் சமஸ்கிருதத்தோடு சம்பந்தப்பட்டது. அப்படியிருக்க, சொற்களுக்குள் கிரந்த எழுத்தைச் சரியான இடத்தில் சேர்த்து, கோயில் சாசன நடையில், கொடைப் பட்டியலோடு தமிழ் எழுதிக் கொடுத்தவர் யார்? பெயர் கல்லில் இல்லை. ஆனால் அப்படியொருவர் அங்கே இருந்திருக்கக்கூடியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஃபூஜியன் கரையில், நம் 'தே' கிளம்பிய அதே பக்கத்தில், சுவான்ஜௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளப் பண்ணிய செய்தி அதில் இருக்கிறது. கடைசி வரி மட்டும் சீனம். செட்டிகளும் கணக்கப்பிள்ளைகளும் அந்தக் கரையில் தலைமுறைக் கணக்கில் புழங்கியவர்கள். அவர்களில் ஒருவரையோ, கப்பலோடு வந்துபோன துபாஷி ஒருவரையோ கூப்பிட்டு உட்காரவைத்து மசியும் தூரிகையும் கொடுத்திருக்க வேண்டும். அவர் எழுதியதைப் பார்த்து உளி பிடித்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எனக்கு அந்த வலது பக்கம் எப்படியோ, அவருக்கு இடது பக்கம் அப்படி.

சிங்களம் ஏன் இல்லை என்ற கேள்வி அடிக்கடி எழும். சிலர் அதை இக்காலத்து அரசியலோடு கேட்பார்கள். கல் போகவேண்டிய இடம் துறைமுகம், கோயில், வணிகர் கூட்டம். அந்தக் கடலில் வியாபார மொழிகளில் ஒன்று தமிழ், மற்றது பாரசீகம். அதற்கு மேல், இலங்கையில் தமிழைக் கல்லில் வெட்டுவது அன்று யாருக்கும் புதுமை இல்லை. ஹந்தானைச் சரிவில் நின்று மேற்கே கையை நீட்டினால், மகாவலிக்கு அப்பால் லங்காதிலக விகாரை. கம்பளை அரசு காலத்தில், 1344இல், எழுந்தது. அதன் பாறையில் சிங்களச் சாசனமும் இருக்கிறது, தமிழ்ச் சாசனமும் இருக்கிறது. பக்கத்தில் கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி. நான்ஜிங்கில் கல் வெட்டப்படுவதற்கு 65 வருடம் முந்தைய கதை இது.

சரி, கப்பல் கிளம்பியது. கூடப் போன ஃபெய் சின் தன் நூலில் 48 கப்பல், இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட ஆள் என்று எழுதுகிறார். இலங்கையில் கல் நட்டதையும் காணிக்கை கொடுத்ததையும் அவர் பதிந்திருக்கிறார்.

காணிக்கை வாங்கிய சாமிகள்தான் விசேஷம். சீனம், புத்தரை விளித்து எழுதியது. தமிழ், தேனவரை நாயனாருக்கு எழுதியது. தென்கோடியில் இன்று தெவிநுவர என்கிற ஊரில் இருந்த விஷ்ணு அவர். பாரசீகம், அல்லாவின் பெயரால் இஸ்லாத்துக்கு. ஒரே அரசன், ஒரே கல், மூன்று கும்பிடு. தேனவரைக் கோயில் லேசுப்பட்டது இல்லை. 1344இல் அங்கே போன இபின் பதூதா, ஆள் உயரப் பொன் விக்கிரகத்தையும் அதன் மாணிக்கக் கண்களையும் பற்றி எழுதியிருக்கிறார். ஆயிரம் பிராமணரும் யோகியரும் ஐந்நூறு ஆடல் மகளிரும் அங்கே இருந்தார்களாம்.

ஆனால் கும்பிட்ட கை அதே பயணத்தில் வாளும் எடுத்தது. திரும்புகிற வழியில், 1411இல், கம்பளை ராஜ்யத்தின் கடைசிக் காலத்தில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த அழகக்கோனார் குடும்பத்து வீர அழகேஸ்வரனோடு செங் ஹேக்குச் சண்டை மூண்டது. அவனையும் குடும்பத்தையும் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோய் அரசர் முன்னால் நிறுத்தினார்கள். அரசர் பிறகு விடுவித்துவிட்டார். அவன்தான் முதலில் தாக்கினான் என்கின்றன சீன ஏடுகள். கல்லில் இதைப்பற்றி ஒரு எழுத்து இல்லை. கல் கிளம்பும்போது யாருக்கும் தெரியாத கதை அல்லவா.

அதற்குப் பிறகு கல் நின்ற இடமே மாறிப்போனது. 1588இல் போர்த்துக்கீசர் தேனவரைக் கோயிலைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். சீன அரசர்கள் நட்ட, சீன எழுத்துள்ள கற்கள் அங்கே இருந்ததாக 17ஆம் நூற்றாண்டில் குவெய்ரோஸ் பாதிரியார் எழுதிவைத்தார். பிறகு இருநூறு வருடத்துக்கு மேல் பேச்சில்லை. 1911இல் கல் தலைகாட்டியபோது தேனவரையில் இல்லை, ஐம்பது கிலோமீட்டர் அளவு தள்ளி காலி நகரத்தில், கிரிப்ஸ் வீதித் திருப்பத்தில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. மேலே மாட்டுவண்டி, கீழே ஊர்த் தண்ணீர், நடுவில் புத்தரும் நாயனாரும் அல்லாவும். வீதி வேலைக்காரர் கண்ணுக்கு அது நல்ல அளவான பலகைக்கல். அவர்களைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அந்த அளவில் கல் கிடைத்தால் நானும் மதகுதான் போட்டிருப்பேன்.

கொழும்பு நூதனசாலைக்கு வந்ததும் கல்லுக்கு இன்னொரு பயணம் தொடங்கியது: வாசிப்புப் பயணம். நூதனசாலையின் இதழான ஸ்பொலியா ஸெய்லனிக்காவில் 1913இல் ஈ. டபிள்யூ. பெரேரா இதைப்பற்றி எழுதினார். 1915 கலவரத்துக்குப் பிறகு, இராணுவச் சட்டக் கொடுமைக்குச் சான்றான கடிதத்தைச் சப்பாத்துக்குள் ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் அதே வழக்கறிஞர்தான். தமிழ்ப் பகுதியை ஒழுங்காக வாசித்து எபிகிராபியா ஸெய்லானிகாவின் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தவர் செனரத் பரணவிதான. நான்ஜிங்கில் எழுதிய தமிழை உலகத்துக்குப் படித்துக் காட்டியவர் ஒரு சிங்களவர். பாரசீகத்தை வாசித்தவர் குவாஜா முகம்மது அகமது.

ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மூன்று வாசிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. என்னைப்போலத் தமிழை மட்டும் வாசிப்பவன், சீன அரசன் நாயனாரின் பரம பக்தன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். சீனம் மட்டும் தெரிந்தவன் அவனைப் பௌத்தனாக்குவான். மதகுக்கல் வரிக்கு வரி பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கை மட்டும் சொன்னது.

பரணவிதான பின்னாளில் எங்கள் மலையடிக்கே வந்தார். தொல்பொருள் ஆணையாளர் பதவியிலிருந்து ஓய்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியரானார். அந்தக் கடைசி வருடங்களில், பழைய கல்வெட்டு வரிகளுக்கு இடையில் வேறு எழுத்துகள் தெரிவதாகச் சொல்லி முழு வரலாறுகளையே வாசித்தெடுத்தார். மற்ற யார் கண்ணுக்கும் அந்த எழுத்து தெரியவில்லை. பெரிய அறிஞர், அதனாலேயே அது வருத்தமான கதை. கல்லின் முன்னால் அதிக நேரம் உட்கார்ந்தால் கல் நம் மனத்திலிருப்பதை வாசிக்கத் தொடங்கிவிடும் போலிருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது 1952இல். அதற்கு முந்தின வருடம், அது கொழும்பில் இருந்தபோதே, அங்கே கற்பித்துவந்த சீனத் துறவி ஃபாஃபாங் காலமானார். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அனுராதபுரத்தில் இரண்டு வருடம் தங்கி ஏடு எழுதிய சீன யாத்திரிகர் பாஹியனின் வழியில் வந்தவர். பாஹியன் இங்கே ஒரு வியாபாரி புத்தருக்குச் சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கை வைத்ததைப் பார்த்து, ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கினார். காணிக்கைப் பட்டியல்களில் கண்ணீர் இருப்பது அபூர்வம் என்பதால் இதைச் சொன்னேன்.

கிழக்காசியா பேராதனைக்கு வந்த இன்னொரு வழி மேடை. பாளி கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 1950களின் நடுவில் ஜப்பான் போனார். நோ, கபுகி நாடகங்களைப் பார்த்தார். திரும்பி வந்து 1956இல் 'மனமே' போட்டார். அதைப் பார்த்த வேகத்தில்தான் நம் சு. வித்தியானந்தன் அதே வளாகத்தில் நாட்டுக்கூத்தைத் தூசு தட்டி எடுத்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவை. மட்டக்களப்பு வடமோடிக்கும் கியோட்டோவுக்கும் நடுவில் இப்படி ஒரு குறுக்குப்பாதை. பிறகு ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ தமிழும் ஜப்பானியமும் உறவு என்று சொல்லப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர் அதை ஏற்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தச் சாக்கில் தமிழர் சிலர் ஜப்பானியம் ஆழமாகப் படித்தார்களே, அது லாபக் கணக்கு.

இப்போது களனிப் பல்கலைக்கழகத்தில் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றும் கற்பிக்கிறார்கள். கன்பூசியஸ் நிலையம் 2007இல் அங்கே வந்தது. கண்டி டவுனில் இறங்கினால் மதிலெல்லாம் கொரிய மொழி வகுப்பு விளம்பரம். அது வேறு படிப்பு: பரீட்சை எழுதி, கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போக. அதில் சேர்ந்த பையனிடம் எந்தத் தாயும் "என்னத்த செய்யப் போற" என்று கேட்பதில்லை. பட்டம் படிக்கிற பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள்.

நம் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒரே எழுத்து, கட்டத்துக்குள் நாற்பது தடவை. எந்தக் கோடு முதலில், எது பிறகு என்று ஓரத்தில் இலக்கம். ஓசைக்கு ரோமன் எழுத்து, தலையில் ஏற்ற இறக்கக் குறி, பொருள் சிங்களத்தில், அதற்குக் கீழே பென்சிலில் தமிழ். அவளுடைய கல்வெட்டும் மும்மொழிக்குக் குறைந்ததில்லை.

"பழைய சீனம் சேர், நிறுத்தக்குறி ஒண்ணும் இல்ல, பாதி விளங்கல" என்றாள். ஆனால் இலக்கத்தை எப்படிப் பிடித்தாள் தெரியுமா? சாதாரணமாகச் சீனத்தில் ஒன்று என்பது ஒரு கிடைக்கோடு. அதில் இன்னொரு கோடு இழுத்தால் இரண்டாகிவிடும், இன்னொன்று இழுத்தால் மூன்று. ஏமாற்ற வசதி. அதனால் காசோலையிலும் பணத்தாளிலும் திருத்த முடியாத சிக்கலான எழுத்துகளால் இலக்கம் எழுதுவார்கள். கல்லில் இருப்பதும் அந்தக் காசோலை இலக்கம். வங்கிப் பாடத்தில் அவள் படித்தது 1409ஆம் ஆண்டுக் கல்லில் கைகொடுத்தது. யாரோ ஒரு கணக்கப்பிள்ளை, சாமி கணக்கிலும் கை வைப்பார்கள் என்று பயந்திருக்கிறார்.

அன்று மாலை லயத்து வாசலில் தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகள் கைபேசிப் படத்தைப் பெரிதாக்கி விரலால் தடவித் தடவி வாசித்தாள். பொன் ஆயிரம் சியென். சியென் என்பது சின்ன நிறை. இன்றைய நிறைக்கு எல்லாம் சேர்த்து மூன்றே முக்கால் கிலோ வரும். வெள்ளி ஐயாயிரம். பட்டு ஐம்பது, இன்னொரு வகைப் பட்டு ஐம்பது. பித்தளைத் தூபக்கால் ஐந்து, பூச்சாடி ஐந்து சோடி, விளக்கு ஐந்து. வாசனை எண்ணெய் இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டி. மெழுகுதிரி பத்துச் சோடி.

நான் என் பங்குக்குத் தமிழ்ப் பக்கத்தைச் சொன்னேன். அங்கேயும் பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், எண்ணெய் இரண்டாயிரத்து ஐந்நூறு. பாரசீகத்திலும், தெரிகிற மட்டுக்கு, ஏறக்குறைய இதே பட்டியல்தான் என்றேன்.

தாய் சுளகை நிறுத்தினார். பதினெட்டு வருடமாகத் தராசுக்குப் பக்கத்தில் நின்று, எத்தனை கிலோ எழுதுகிறார்கள், எத்தனை கழிக்கிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண்.

"அப்ப மூணு சாமிக்கும் மூணு தரம் குடுத்தானா? இல்ல ஒரு தரம் குடுத்துட்டு மூணு எடத்துல எழுதிட்டானா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன். "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே, பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி புடைக்கத் தொடங்கினார்.